திருத்திய வகுப்பறையும் திருத்தாத சம்பளமும்

கட்டடத்துக்கென்று காசு கேட்டுப் போனால் நம் ஊர்களில் யாரும் வெறுங்கையோடு திரும்புவதில்லை. கோயில் கோபுரமானாலும், பள்ளிவாசல் மினாராவானாலும், தேவாலயக் கூரையானாலும், பாடசாலை வகுப்பறையானாலும் இல்லாதவர்கூட ஏதோ கொஞ்சம் தருவார். ஆனால் அந்த வகுப்பறைக்குள் காலை முதல் மதியம் வரை நின்று பிள்ளைகளைப் பார்க்கும் பெண்ணின் மாதச் சம்பளத்துக்குக் கேட்டுப் பாருங்கள். "அது வேற விசயம் மிஸ்" என்று பேச்சை மாற்றிவிடுவார்கள். எங்கள் கரையோரத்தில் ஒரு கத்தோலிக்க முன்பள்ளியின் இரண்டு வகுப்பறைகளைத் திருத்துவதற்காக நிதி சேர்த்தபோது நான் பார்த்ததை இங்கே எழுதுகிறேன். ஊரின் பெயரையும் பங்கின் பெயரையும் வேண்டுமென்றே விடுகிறேன். அங்குள்ள பெண்கள் தொடர்ந்து அங்கேதான் வாழ வேண்டும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் கோமாரியைச் சேர்ந்தவள். திருக்கோவிலிலிருந்து பொத்துவில் நோக்கிப் போகும் பஸ்ஸில் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வயலும் பற்றைக்காடுமாக வரும் ஊர் அது. சமூகவியல் படித்துவிட்டு மாதர் சங்கங்களோடு வேலை செய்கிறேன். திட்ட முன்மொழிவு எழுதத் தெரிந்தவள் என்பதால் மதம், இனம் பார்க்காமல் எல்லோரும் கூப்பிடுவார்கள். அப்படித்தான் அந்தப் பங்கின் அருட்சகோதரி ஒருவரும் கூப்பிட்டார்.

"கத்தோலிக்கத் தனியார் பாடசாலை என்றால் கொழும்பில்தானே இருக்கும், எங்கள் பக்கத்தில் ஏது?" என்று வாசகியர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்ல அறுபது ஆண்டுகளுக்கு மேல் பின்னே போக வேண்டும்.

கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் பக்கங்களில் பழைய பாடசாலைகளின் பெயர்ப்பலகையைப் பாருங்கள். மெ.மி.த.க., றோ.க.த.க. என்று எழுத்துகள் இருக்கும். மெதடிஸ்த மிஷன், றோமன் கத்தோலிக்கம் என்பதன் சுருக்கங்கள் அவை. இராமகிருஷ்ண மிஷனின் பெயரைத் தாங்கிய பாடசாலைகளும் உண்டு. இன்று இவற்றை நடத்துவது அரசாங்கம். பெயர் மட்டும் பழையபடி நிற்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் அமைந்த பின்னர், மிஷன்கள் பாடசாலை நடத்த அரசு உதவி நன்கொடை கொடுத்தது. கட்டடத்துக்கான காசைப் பெரும்பாலும் மிஷனும் ஊரும்தான் தேடின. காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனம், பின்னாளில் சுவாமி விபுலாநந்தர், கல்முனையில் மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பில் யேசு சபையினரின் புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்தார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் சில காலம் விஞ்ஞானமும் கற்பித்தார். சைவப் பிள்ளைகள் கிறிஸ்தவ வகுப்பறையில் படிப்பது அக்காலத்தில் சாதாரணம். அதைப் பற்றிய மனக்குறையும் சாதாரணம். அந்த மனக்குறைதான் இந்துக்களும் முஸ்லிம்களும் தமக்கென்று பாடசாலை அமைக்கத் தூண்டியது.

1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்கச் சட்டம் கொண்டுவந்தது. உலகின் முதல் பெண் பிரதமரின் அரசாங்கம் அது. கல்வி அமைச்சராக இருந்தவர் பதியுதீன் மஹ்மூத். கல்முனை மஹ்மூத் மகளிர் கல்லூரி அவர் பெயரில்தான் இருக்கிறது. கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள் புகுந்து இரவு பகலாகத் தங்கி எதிர்ப்புக் காட்டினார்கள். 1961 ஜனவரியில் பம்பாய்க் கர்தினால் வலேரியன் கிராசியஸ் வந்து சமரசம் பேசிய பின்புதான் அது ஓய்ந்தது. நாடெங்கும் சுமார் 2,500 பாடசாலைகள் அரசின் கைக்குப் போயின. பெரிய பாடசாலைகள் சில, கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலைகளாக இருக்கத் தீர்மானித்தன. யாழ்ப்பாணம் புனித பத்திரிசியாரும் கொழும்பு புனித சூசையப்பரும் அப்படி நின்றவை.

இதைச் சரியா பிழையா என்று ஒரே வசனத்தில் என்னால் சொல்ல முடியவில்லை. அரசு பொறுப்பேற்றதால் எங்கள் போன்ற ஊர்ப் பிள்ளைகளுக்கும் சம்பளம் வாங்கும் ஆசிரியர்கள் வந்தார்கள். முஸ்லிம் பெண்பிள்ளைகளின் படிப்பு இந்தக் கரையில் வளர்ந்ததில் அரச பாடசாலைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் தனியாக நின்ற பாடசாலைகளின் நிலை வேறு. கட்டணமும் வாங்க முடியாது, அரசின் உதவியும் நின்றுவிட்டது. ஆசிரியர் சம்பளத்தைப் பின்னாளில் அரசு ஏற்கும் வரை அவை பெற்றோரின் நன்கொடையிலும், பழைய மாணவரின் தயவிலும், களியாட்ட விழாவிலும், அதிர்ஷ்டலாபச் சீட்டிலும் ஓடின. களியாட்ட விழா என்றால் இளக்காரமாக நினைக்க வேண்டாம். யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கே ஐம்பதுகளில் அப்படித்தான் காசு சேர்த்தார்கள். புனித பத்திரிசியாரின் அதிபராக இருந்த லோங் அடிகளார் அந்த முயற்சியில் முன்னின்றவர்களில் ஒருவர்.

இன்னொரு விடயம் பலருக்குத் தெரியாது. 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, 5 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்காகத் தனியார் புதிதாகப் பாடசாலை தொடங்குவதைத் தடுத்தது. இன்று பட்டணங்களில் காணும் சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதியப்பட்டவை. ஆகவே ஒரு பங்கோ கன்னியர் மடமோ எங்கள் ஊரில் பாடசாலை நடத்த விரும்பினால் கையில் இருப்பது 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள்தான். அதனால்தான் கத்தோலிக்கத் தனியார் வகுப்பறை என்று எங்கள் பக்கத்தில் தேடினால் தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஓர் முன்பள்ளியில் போய் நிற்போம்.

அந்த முன்பள்ளிக்கு வருவோம்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி அம்பாறை மாவட்டத்தில் கடல் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. இலங்கையில் வேறெந்த மாவட்டத்திலும் அவ்வளவு பேர் சாகவில்லை. பழைய முன்பள்ளியும் அன்று போயிற்று. அதன் பின்னர் உதவிப் பணத்தில் அவசரமாகக் கட்டிய இரண்டு அறைகள்தான் இப்போது இருப்பவை. அஸ்பெஸ்ரஸ் சீற் கூரை. உப்புக்காற்றில் தூண்களின் கம்பி துருப்பிடித்து ஊதி, சீமெந்துப் பூச்சைப் பிளந்துகொண்டு வெளியே தெரிந்தது. மழைக்கு ஒரு மூலையில் வாளி வைப்பார்கள். மலசலகூடத்தில் இருந்த கொமட் வளர்ந்தவர்களுக்கானது; 3 வயதுப் பிள்ளையை ரீச்சர் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். நாற்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள். கத்தோலிக்கர், சைவர், பக்கத்துத் தெரு முஸ்லிம் பிள்ளைகள் சிலரும். இரண்டு ரீச்சர்மார்.

முதற்கூட்டத்துக்குப் போனபோது பங்குத்தந்தையும் பங்குச் சபையைச் சேர்ந்த ஆறு ஆண்களும் இருந்தார்கள். அருட்சகோதரி ஓரமாக இருந்தார். ரீச்சர்மார் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு வெளியே நின்றார்கள். மதிப்பீடு தயாராக இருந்தது. முகப்பு வளைவு, தரைக்கு மாபிள் பதித்தல், சுவரெங்கும் கார்ட்டூன் படம், 55 அங்குல எல்.ஈ.டி. தொலைக்காட்சி, இரண்டு அறைக்கும் குளிரூட்டி. கூரை கடைசிப் பக்கத்தில் இருந்தது. மலசலகூடம் மதிப்பீட்டிலேயே இல்லை.

அவர்கள் கெட்டவர்கள் அல்ல. காசு தருபவர் எதைப் பார்க்க விரும்புவார் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அந்தக் கணக்கு ஒரு விதத்தில் சரி. வெளிநாட்டில் இருந்து தருபவர் வட்ஸ்அப்பில் வரும் படத்தைத்தான் பார்ப்பார். வளைவு படத்தில் தெரியும். துருப்பிடிக்காத கம்பி சுவருக்குள் இருந்தால் தெரியுமா?

நான் ஒரு கேள்விதான் கேட்டேன். "சுவாமி, இந்த அறைக்குள்ள நாள் முழுக்க நிற்கிற ரெண்டு பேரையும் கூப்பிட்டுக் கேட்டா என்ன?" அவர் யோசிக்காமல் கூப்பிட்டார். பெரிய ரீச்சர் (பதினோரு வருடமாக அங்கே படிப்பித்தவர்) வாசலில் நின்றபடியே சொன்னார்: "சுவாமி, மழைக்கு ஒழுகாமல் இருந்தாப் போதும். பிள்ளைகள் இருக்கத் தக்கதா ஒரு கக்கூசு. கை கழுவத் தண்ணி." அவ்வளவுதான் கேட்டார். தன்னுடைய சம்பளத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. அதை நான் பிறகு விசாரித்து அறிந்தேன். அங்கே வேலைக்கு வந்த மேசன் மூன்று நாளில் வாங்கிய கூலி, அவருடைய ஒரு மாதச் சம்பளம். அதுவும் பெற்றோர் மாதக் காசு கட்டினால்தான். கடலில் மீன்படாத மாதத்தில் அது பாதியாகும்.

காசு சேர்த்த விதத்தைச் சொல்ல வேண்டும். முதலில் அதிர்ஷ்டலாபச் சீட்டு அடிப்பது என்று தீர்மானித்தார்கள். முதற்பரிசு தையல் இயந்திரம். சீட்டுப் புத்தகத்தோடு அக்கரைப்பற்றிலும் பொத்துவிலிலும் கடைத்தெருவுக்குப் போன இளைஞர்கள் முகம் தொங்கத் திரும்பி வந்தார்கள். ஒரு ஹாட்வெயார் முதலாளி என்னிடம் தன்மையாகச் சொன்னார்: "தங்கச்சி, சீட்டிழுப்பு எங்களுக்கு ஹராம். சூது மாதிரி. சின்னப் புள்ளையளுக்கு என்டு கேளுங்க, ஸதகாவாத் தாறன். எந்தப் புள்ள என்டு நான் பாக்க மாட்டன்." அவர் சீமெந்தைக் கொள்விலைக்குத் தந்தார். 2022 நெருக்கடியில் 50 கிலோ சீமெந்துப் பை ஓராண்டுக்குள் சுமார் ஆயிரம் ரூபாவிலிருந்து மூவாயிரத்தை எட்டியதை வீடு கட்டிக்கொண்டிருந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பின்னர் விலை கொஞ்சம் இறங்கினாலும் பழைய இடத்துக்கு வரவில்லை. அப்படியான நேரத்தில் கொள்விலை என்பது பெரிய உதவி. போர்க்காலத்திலும் அதற்குப் பிறகும் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் கடைக்கு மற்றவர் போகாத நாட்களை இந்தக் கரை கண்டிருக்கிறது. அதனால்தான் இதை எழுதிவைக்கிறேன்.

சீட்டிழுப்பைக் கைவிட்டு உணவுச் சந்தை வைத்தார்கள். அது தாய்மாரின் யோசனை. இரண்டு சனிக்கிழமை. பிட்டு, இடியப்பம், மரவள்ளிக்கிழங்குக் கறி, இறால் வடை, எள்ளுருண்டை. முஸ்லிம் தாய்மார் வட்டிலப்பமும் தொதலும் கொண்டுவந்தார்கள். வட்டிலப்பம் ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிட்டது. நல்ல வருமானம். கணக்குப் புத்தகத்தில் பொருளாளர் ஒரே வரியில் எழுதினார்: உணவுச் சந்தை வருமானம், இவ்வளவு ரூபா. அதற்கு மேலே இலண்டன், கனடா, சுவிஸ் என்று நன்கொடையாளர் ஒவ்வொருவரின் பெயரும் தொகையும் தனித்தனியாக இருந்தன. பிட்டு அவித்தவளின் பெயர் எங்கேயும் இல்லை. அவள் வாங்கிய தேங்காய்க்கும் சீனிக்கும் எரித்த காஸுக்கும் கணக்கு இல்லை. காலை மூன்று மணிக்கு எழும்பியதற்கு எப்படியும் கணக்கு இருக்காது.

சமூகவியல் படித்தபோது ஆன் ஓக்லி என்ற ஆங்கிலேயப் பெண் அறிஞரைப் பற்றிப் படித்தோம். வீட்டுவேலையும் வேலைதான், அதை வேலையாக எண்ணி ஆராய வேண்டும் என்று 1974இல் நூல் எழுதியவர். பரீட்சைக்காகப் பாடமாக்கிய விடயம் அது. அந்தக் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. அடுத்த கிழமை இரண்டு தாய்மாரோடு வீடு வீடாகப் போய், ஒவ்வொருவரும் என்ன வாங்கினார்கள், எவ்வளவு முடிந்தது என்று எழுதினோம். சிலர் வெட்கப்பட்டார்கள். "தேவாலயத்துக்குக் குடுத்ததைக் கணக்குச் சொல்லலாமா மகள்?" என்று ஒரு மூதாட்டி கேட்டார். "அம்மா, வெளிநாட்டுக்காரர் சொல்லுறாங்களே" என்றேன். சிரித்துவிட்டுச் சொன்னார். சாமான் செலவு மட்டும் கூட்டியபோது, அது முழு நிதிச் சேர்ப்பிலும் இரண்டாவது பெரிய தொகையாக வந்தது. "தாய்மாரின் பங்களிப்பு" என்று புத்தகத்தில் தனிப்பக்கம் போட்டோம். பெயர்களோடு.

இதனால் என்ன வந்தது என்று கேட்பீர்கள். பணம் போட்டவனுக்குப் பேச்சுரிமை உண்டு என்பதை நம் சபைகள் எப்போதும் ஏற்றுக்கொள்ளும். தாய்மாரும் பணம் போட்டவர்கள் என்று கணக்கில் வந்த பிறகு, குழுவில் இரண்டு தாய்மாரையும் பெரிய ரீச்சரையும் சேர்க்க மறுக்க முடியவில்லை. ஒருவர் முணுமுணுத்தார். பங்குத்தந்தை, "மரியாளும் மார்த்தாளும் இல்லாம ஆண்டவரே சாப்பிட்டிருக்க மாட்டார்" என்று சொல்லி முடித்துவிட்டார். துணைப் பொருளாளர் பொறுப்பு ஒரு தாய்க்கு வந்தது. வங்கியில் அவருடைய கையொப்பமும் வேண்டும்.

அதன் பின்னர்தான் மதிப்பீட்டைத் திரும்பப் பார்த்தோம். முதலில் வெட்டுப்பட்டது குளிரூட்டி. 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 வீதமும் 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் ஏறிய கதையைத் தாய்மார் வீட்டுப் பில்லிலேயே படித்தவர்கள். அதன் பின் குறைப்புகளும் வந்தன, ஆனால் அந்தப் பயம் போகவில்லை. "காசு சேர்த்து வாங்கலாம், மாதாமாதம் யார் கட்டுற?" என்று ஒருத்தி கேட்டதோடு அது போயிற்று. கடற்கரைக்கு எதிர் எதிராகப் பெரிய ஜன்னல் வைத்தால் காற்று தானாக ஓடும். இரண்டு மின்விசிறி போதும்.

தொலைக்காட்சிக்குத்தான் நீண்ட விவாதம். நவீன வகுப்பறை என்றால் திரை இருக்க வேண்டும் என்று இளைஞர்கள் பிடிவாதமாக நின்றார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சிறுபிள்ளைகளுக்கு வெளியிட்ட வழிகாட்டலை எடுத்துச் சொன்னேன். 2 முதல் 4 வயதுப் பிள்ளை ஒரு நாளில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திரைக்கு முன் இருக்கக்கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்கிறது அது. அந்த ஒரு மணித்தியாலத்தைப் பிள்ளைகள் வீட்டில் கைத்தொலைபேசியிலேயே முடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். மொன்டிசூரி என்று நம் ஊர்களில் ஒவ்வொரு பாலர் பாடசாலைக்கும் பெயர் வைக்கிறோம். மரியா மொன்டிசோரி அம்மையார் 1907இல் றோமில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் தம் முதற்பள்ளியைத் தொடங்கியபோது செய்த புதுமை என்ன? பிள்ளையின் உயரத்துக்கு மேசை, பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் தட்டு, பிள்ளை தானே எடுத்துத் தானே வைக்கும் பொருட்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவர் இந்தியாவில் தங்கி ஆசிரியர்களைப் பயிற்றினார், இலங்கைக்கும் வந்தார். அவர் காட்டிய தட்டை எங்கள் ஊர்த் தச்சன் வேப்பம் பலகையில் செய்து தந்தான். தொலைக்காட்சியின் விலையில் பத்தில் ஒரு பங்கும் ஆகவில்லை.

கூரை விடயத்தில் எல்லா வாசகியரும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பழைய அஸ்பெஸ்ரஸ் சீற்றைச் சிரமதானம் வைத்துச் சனிக்கிழமை உடைத்து இறக்குவதாகத் திட்டம். தாய்மார் கூட்டி அள்ளுவதாம், பிள்ளைகளும் வருவார்களாம். அஸ்பெஸ்ரஸ் உடைந்தால் கண்ணுக்குத் தெரியாத நார்த்தூள் பறக்கும். சுவாசப்பைக்குள் போனால் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வரும். எல்லா வகை அஸ்பெஸ்ரஸும் புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. நம் சிரமதானங்களில் கூட்டித் துடைப்பது எப்போதும் பெண்கள் என்பதால் அந்தத் தூளும் பெண்களுக்குத்தான் போகும். ஆகவே சிரமதானத்தை நிறுத்தினோம். முகமூடி போட்ட இரண்டு வேலையாட்கள் சீற்றைத் தண்ணீரால் நனைத்து, ஆணியைக் கழற்றி, உடைக்காமல் முழுதாக இறக்கினார்கள். உடைந்த துண்டுகளை ஈரத்தோடு பொலித்தீனில் சுற்றி ஒதுக்குப்புறத்தில் ஆழமாகப் புதைத்தோம். துடைப்பம் தொடவில்லை. பிள்ளைகளுக்கு ஒரு கிழமை விடுமுறை. புதிதாக ஓடு போட்டோம். தகரம் மலிவுதான், உப்புக்காற்றில் எத்தனை நாள் நிற்கும்?

வளைவுக்குக் காசு தருவதாகச் சொன்னவர் சுவிஸில் இருப்பவர். இறந்த தகப்பனின் பெயரைப் பெரிய எழுத்தில் போட வேண்டும் என்பது அவர் விருப்பம். சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊர்களில் நிறுவனங்களின் பெயர்ப்பலகை இல்லாத கிணறு இல்லை, மலசலகூடம் இல்லை. பலகை இன்னும் இருக்கிறது, கிணற்றுக்குக் கப்பி இல்லை. இதை அவருக்கு எப்படிச் சொல்வது? துணைப் பொருளாளரான அந்தத் தாய்தான் தொலைபேசியில் பேசினார். "தம்பி, உங்கட அப்பா எங்கட வீட்டுக்கு வந்தா முதல்ல தண்ணிதான் கேப்பார். வளைவுக்குப் பதிலாத் தண்ணித் தாங்கியும் பிள்ளையள் கைகழுவுற இடமும் அவர்ர பேரில கட்டுவமா?" மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லையாம். பிறகு சம்மதித்தார். இப்போது தாழ்ந்த நான்கு குழாய்கள், பக்கத்தில் ஓர் சிறிய ஓட்டில் அவருடைய பெயர். கனடாவில் இருந்து தொலைக்காட்சிக்கென்று சொன்ன இன்னொருவர், திட்டம் மாறியதும் காசு அனுப்பவில்லை. அதையும் மறைக்கத் தேவையில்லை. கேட்டவர்கள் எல்லோரும் மனம் மாறுவதில்லை.

இனிச் சம்பளம். நான் இதை எழுதுவதே அதற்காகத்தான்.

வேலை முடியும் கட்டத்தில் ஆசிரியர் நிதி ஒன்றைத் தனியாக வைப்போம் என்று பிரேரித்தேன். சேர்ந்த காசில் ஒரு பகுதியை நிரந்தர வைப்பில் போட்டால் அதன் வட்டி சம்பளத்துக்கு ஓரளவு துணையாகும் என்பது யோசனை. கட்டடத்துக்கென்று வாங்கிய காசைச் சம்பளத்துக்கு எடுக்கலாமா என்று எதிர்ப்பு வந்தது. அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. கொடுத்தவரைக் கேட்காமல் எடுக்கக்கூடாது. ஆனால் கேட்கலாமே! கேட்பதற்கே ஆண்கள் தயங்கினார்கள். "ரீச்சர்மார் சேவையாத்தானே செய்யிறாங்க" என்றார் ஒருவர். மேசன் செய்தது வேலை, ரீச்சர் செய்தது சேவை. இந்த நாட்டில் முன்பள்ளிகளில் படிப்பிப்பவர்கள் அநேகமாக எல்லோரும் பெண்கள். கிழக்கில் மாகாண முன்பள்ளிப் பணியகம் இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, சில ஆயிரம் ரூபா கொடுப்பனவும் உண்டு. அரச பாடசாலை ஆசிரியரைப் போல நிரந்தரச் சம்பளமோ ஓய்வூதியமோ இல்லை. சேவை என்று புகழ்ந்து சொல்லும்போது சம்பளக் கேள்வி வாயடைத்துப் போகிறது. தாயன்பு, பொறுமை, அர்ப்பணிப்பு என்று திறப்பு விழாக்களில் எத்தனை பேச்சுக் கேட்டிருக்கிறேன். பேசியவர்களில் யாராவது அந்தப் பெண்ணின் மாத வருமானம் என்னவென்று கேட்டிருப்பார்களா?

பெரிய ரீச்சர் குழுவில் இருந்தபடியே இந்த விவாதத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை. மூன்று கிழமை கழித்து அருட்சகோதரியிடம் கடிதம் கொடுத்தார். குவைத்துக்கு வீட்டுப்பணிப்பெண்ணாகப் போகப் பதிந்துவிட்டார், பணியகத்தின் பயிற்சி தொடங்கப்போகிறது. கணவரின் தோணி எஞ்சின் கடன், மகளின் சாதாரண தரப் படிப்பு. பதினோரு வருட அனுபவத்தை இங்கே யாரும் விலைக்கு எடுக்கவில்லை. அங்கே அவருடைய கையும் காலும் மாதத்துக்கு இத்தனை தினார் என்று விலை பேசப்பட்டது. ஓடு போட்ட கூரையின் கீழ் அவர் படிப்பித்தது ஏழு நாள்தான். தாழ்ந்த குழாயில் பிள்ளைகள் கைகழுவுவதை நின்று பார்த்துவிட்டுப் போனார்.

அவருடைய போக்குத்தான் குழுவை அசைத்தது. சொன்னால் கேட்காதவர்கள், வகுப்பறை பூட்டிக் கிடந்த நான்கு நாளில் கேட்டார்கள். கொடுத்தவர்கள் எல்லோருக்கும் கடிதம் எழுதினோம். மீதியாக இருக்கும் காசையும் இனிமேல் தருவதையும் ஆசிரியர் நிதிக்கு எடுக்கச் சம்மதமா என்று கேட்டோம். பாதிக்கு மேல் சம்மதித்தார்கள். சீமெந்து தந்த முதலாளி மாதமொரு தொகை ஒரு வருடத்துக்குத் தருவதாகச் சொன்னார். தாய்மார் தவணைக்கு ஒருமுறை உணவுச் சந்தை வைக்க ஒத்துக்கொண்டார்கள். இம்முறை சாமான் செலவை முதலில் கழித்துவிட்டு. எல்லாம் சேர்ந்தும் பெரிய சம்பளம் இல்லை. மேசனின் மூன்று நாள் கூலியாக இருந்தது இப்போது ஆறு நாள் கூலியாகியிருக்கிறது. மீன்படாத மாதத்திலும் அது குறையாது என்று எழுத்தில் இருக்கிறது.

புதிய ரீச்சருக்கான நேர்முகத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். உயர்தரம் முடித்து முன்பள்ளி டிப்ளோமா செய்த 22 வயதுப் பெண். பாட்டுப் பாடிக் காட்டினாள், பிள்ளைகளோடு எப்படிப் பேசுவாள் என்று சொன்னாள். கடைசியில் பங்குத்தந்தை, "மகள், நீங்க ஏதும் கேக்க இருக்கா?" என்றார். அவள் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள்.

"சம்பளம் எத்தனையாம் திகதி தருவீங்க, சுவாமி?"

ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். துணைப் பொருளாளர் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார். "இருபத்தஞ்சாம் திகதி" என்றார்.